அடைமழைக்கு முன்னால் தாழ்வாரத்து ஓடு மாற்றியது

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரம் வடக்கே அழகர்மலையைப் பார்த்தபடி இருக்கும். இருபதடி நீளம், எட்டடி அகலம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மூன்று மரத்தூண், மேலே சீமை ஓடு. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் இடம் அதுதான். அப்பத்தா மொச்சை உரிப்பதும், அம்மா காய் நறுக்குவதும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், அப்பா ரேடியோ கேட்பதும் அங்கேதான். சில வருஷமாக அந்த இடம் ஒழுக ஆரம்பித்து, மழை நாளில் ஆளுக்குப் பதிலாக வாளியும் அண்டாவும் உட்கார்ந்திருந்தன.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன யோசனை இரண்டுதான்: பிரித்துவிட்டுத் தகர ஷீட் போடு, இல்லையென்றால் கான்கிரீட் போடு. எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கான்கிரீட்டுக்குக் கீழே இருந்தால் மழை பெய்வதே தெரியாது. ஓட்டுக்குக் கீழே இருந்தால்தான் வருவது தூறலா, சாரலா, கொட்டப்போகிறதா என்று சத்தத்திலேயே தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே ஓட்டை ஓடாகவே காப்பாற்றுவது என்று நானும் அப்பாவும் முடிவு செய்தோம். இதே மாதிரித் தாழ்வாரம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று செய்ததையெல்லாம் எழுதுகிறேன்.

காலம் முக்கியம். மதுரைக்கு வருஷத்தில் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். அதனால் ஓட்டு வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். அப்போது மரம் காய்ந்திருக்கும், சுண்ணாம்பு இறுகுவதற்கு வெயிலும் நாளும் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஓட்டில் கை வைக்க முடியாது. ஐப்பசியில் ஈர ஓட்டின் மேல் ஏறுவது ஆபத்து.

முதல் வேலை, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. இதில்தான் பலருக்கும் காசு வீணாகிறது. ஒழுகும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றல்ல. ஓட்டின் அடிக்கு வரும் தண்ணீர், ஓடு மாட்டியிருக்கும் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டு போய், ஏதாவது ஆணியிலோ ரீப்பரைத் தாங்கும் சாய்வான கைமரத்திலோ தங்கி, அங்கிருந்துதான் சொட்டும். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர்மேலே இருக்கும் ஓட்டை மாற்றினால் அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டும். போன மழைக்காலத்திலேயே டார்ச் அடித்துப் பார்த்து, ஈரக்கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று ரீப்பரில் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தேன். இந்தப் புரட்டாசியில் உச்சிவெயில் நேரத்தில் தாழ்வாரத்தின் திறந்த பக்கத்தில் பழைய சேலைகளைத் தொங்கவிட்டு, உள்ளே இருட்டாக்கி, அண்ணாந்து பார்த்தோம். விரிசல் இருந்த இடமெல்லாம் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. சாக்பீஸ் குறியையும் வெளிச்சப் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதி விடை சாய்வில் இருந்தது. இந்த ஓட்டுக்குக் கூரை நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். எட்டடி ஓட்டத்துக்கு நாலடி இறக்கம் என்பது ஆசாரிமார் கணக்கு. எங்கள் கூரையின் இரு முனையிலும் கணக்கு சரியாக இருந்தது; நடுவில் மட்டும் கூரை தொய்ந்திருந்தது. தொய்ந்த இடத்தில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடைவெளி விட்டு வாய் பிளந்துவிடும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையை அள்ளிக்கொண்டு வரும்போது, தண்ணீர் அந்த இடைவெளி வழியே மேல்நோக்கி ஏறி உள்ளே இறங்கும். ஒரு ஓடுகூட உடையாமலேயே வீடு ஒழுகுவதற்கு இதுதான் காரணம்.

தெருக்கோடியில் இருக்கும் ஆசாரி ஐயாவைக் கூப்பிட்டு வந்தோம். வந்தவர் மேலே பார்க்கவே இல்லை. நடுத்தூணின் அடியில் குத்த வைத்து உட்கார்ந்து, உளியால் ஒரு தட்டுத் தட்டினார். உளி அரை அங்குலம் உள்ளே போனது.

"தாயி, ஓட்டுல ஒண்ணுமில்ல. கால்ல இருக்கு. தூண் உக்காந்திருச்சு, உத்தரம் அது கூடவே இறங்கிருச்சு."

"கைமரத்தையும் மாத்தணுமா ஐயா?"

"எதுக்கு? பனங்கை தாயி. கரையான் பல்லு இறங்காது. உங்க தாத்தா போட்டது, உன் பேரன் வரைக்கும் கிடக்கும்."

பனங்கை என்றால் பனைமரத்தை நெடுக்காகப் பிளந்து செதுக்கிய கைமரம். வைரம் பாய்ந்த கறுப்பு நாரை நகத்தால் அழுத்திப் பார்த்தால் தழும்புகூட விழாது. ரீப்பர் மட்டும் வேறு மரம். அதில் கரையான் ஏறிய சிலதை மாற்றச் சொன்னார். கார் ஜாக்கி ஒன்றைக் கல்மேல் நிறுத்தி, முட்டுக்கட்டை கொடுத்து, உத்தரத்தை மெதுவாகத் தூக்கினோம். ஒரே மூச்சில் தூக்கினால் ஓடு எல்லாம் நெறிந்துவிடும் என்று, ஒரு விரற்கடை தூக்குவதும் சற்று நேரம் விடுவதுமாகவே செய்தார். தூணின் உளுத்த அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கருங்கல் துண்டு ஒன்றை வைத்தார். மரம் மண்ணைத் தொடாமல் கல்லில் நின்றால் ஈரம் ஏறாது. புது ரீப்பருக்கும் தூணின் அடிக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது, தோல் வெந்துவிடும்.

அடுத்தது ஓடு. இந்த வடிவம் மங்களூரிலிருந்து பரவியது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அங்கே 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைதான் ஆரம்பம். நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேய்வார்கள். சீமை ஓட்டிலோ பக்கவாட்டில் காடி, அதாவது நீளப் பள்ளம் இருக்கும், ஒன்று மற்றொன்றில் பூட்டிக்கொள்ளும். பின்னால் பல ஊர்களில் பல தொழிற்சாலைகள் வந்தன, ஆளுக்கு ஓர் அச்சு. அதனால் கடையில் கிடைக்கும் ஓட்டை வாங்கி வந்து பழைய ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பூட்டாது. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் தொழிற்சாலைப் பெயர் அச்சாகியிருக்கும். நல்ல ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு பழைய கட்டடச் சாமான் விற்கும் கடைகளுக்குப் போனோம். டவுனுக்குள் பழைய வீடுகளை இடிக்கும்போது கதவு, நிலை, தூண் எல்லாம் வருகிற கடைகள்தான். ஒரு கடையில் சுவரோரம் அடுக்கியிருந்த ஓட்டில் எங்கள் அச்சு கிடைத்தது.

பழைய ஓடு வாங்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறு கையின் மொட்டியால் நடுவில் தட்டணும். கணீரென்று கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். டொக்கென்று அமுங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு திருப்பி, ரீப்பரில் மாட்டுகிற மூக்கைப் பார்க்கணும். மூக்கு உடைந்த ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு காற்றுக்கு வழுக்கி இறங்கிவிடும். கடைக்காரர் நாங்கள் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "தட்டிப் பாத்து எடுக்குறீங்க, வீட்ல யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று சிரித்தபடி இரண்டு ஓடு சேர்த்தே கொடுத்தார்.

ஓட்டின் மேல் ஏறாமலே மாற்றலாம் என்பது பலருக்கும் தெரியாது. தாழ்வாரம் உயரம் குறைவு. உள்ளிருந்து ஏணி போட்டு நின்று, மேல் வரிசை ஓட்டை ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்து, உடைந்ததை அடிவழியாக உருவி, புதியதை மேல்வரை தள்ளி, பிறகு கீழே இழுத்தால் மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். மாட்டும்போது வரும் சின்ன 'டக்' சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்தது. காய்ந்த ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ இருக்கும். நடுப்பகுதிக்கு மட்டும் மேலே போகவேண்டி வந்தது. அப்போதும் பலகையைக் குறுக்கே போட்டு, பாரம் கைமரத்தில் இறங்கும்படி வைத்து, குப்புறப் படுத்தபடி செய்தோம். கையுறை போடாமல் ஓட்டைத் தூக்காதீர்கள். தேளும் பூரானும் அதற்குள்தான் இருக்கும். நாங்கள் தூக்கிய ஓடுகளுக்கு அடியில் பல்லி முட்டைகளும் அணில் சேர்த்து வைத்த தேங்காய் நாரும் இருந்தன. கிழக்கு மூலையில் சிட்டுக்குருவிக் கூடு ஒன்று இருந்தது. அந்த மூலையில் ஒழுக்கு இல்லை, அதனால் அங்கே யாரும் கை வைக்கவில்லை.

காடிகளைச் சுத்தம் செய்வதுதான் நேரம் பிடித்தது. வேப்பிலைக் காம்பும் புழுதியும் சேர்ந்து காடிக்குள் மண்ணாகவே மாறி, அதில் பாசி பிடித்திருந்தது. தண்ணீர் ஓடவேண்டிய வழி அடைபட்டால் அது பக்கவாட்டில் வழிந்து உள்ளே வரும். பழைய டூத் பிரஷும் மூங்கில் குச்சியும் போதும். இரும்புக் கம்பியால் சுரண்டினால் ஓட்டின் மேல்தோல் போய்விடும், அப்புறம் அது தண்ணீர் குடிக்கும். டியூபில் வரும் பசையைக் காடியில் அடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நீர் வெளியேறும் வழியையே அடைப்பது அது. ஓட்டுக்கூரை தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில்லை, வழி காட்டி அனுப்புகிறது. வழியைத் திறந்து வைத்தால் போதும்.

இதற்கிடையில் அம்மா ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: அம்மிக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு. பழைய கடையிலேயே கிடைத்தது. அதை வைத்த அன்று காலையில், அம்மியின் மேல் மடித்த துண்டளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அம்மா அதில் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சுவரும் ஓடும் சேரும் இடம். சாய்ப்புத் தாழ்வாரத்தில் அதிகம் ஒழுகுவது இங்கேதான். முன்பு யாரோ சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், கூடவே ஓடும் அசையும். சிமெண்ட் அசையாது, அதனால் மயிரிழை அளவுக்கு விரிந்துகொண்டு அந்த விரிசல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். போதாததற்கு, உடைத்து எடுக்கும்போது ஓட்டையும் சேர்த்தே உடைக்கும். அப்பா சுண்ணாம்புதான் வேண்டும் என்று நின்றார். "மகால் எதுல நிக்குது பாப்பா? செங்கலும் சுண்ணாம்பும்தான?" என்றார். 1636-ல் எழும்பிய திருமலை நாயக்கர் மகாலைச் சொல்லியே எங்கள் வீட்டில் பல வாதங்கள் முடிந்திருக்கின்றன.

கல் சுண்ணாம்பு வாங்கி, பழைய இரும்பு டிரம்மில் தண்ணீர் விட்டுக் கல்லைச் சிறிது சிறிதாகப் போட்டோம். நீர் தானாகவே கொதித்து ஆவி கிளம்பும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நீர்த்ததைத் தண்ணீரிலேயே மூழ்க விட்டு வைக்கணும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெயாக வரும். தனியே கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு தண்ணீரில் ஊறப் போட்டோம். பிறகு சலித்த ஆற்று மணல், சுண்ணாம்பு, கொஞ்சம் செங்கல் பொடி சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்தது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணலும் பொடியுமாக எங்களுக்குச் சரியாக வந்தது. செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும், மழை நெருங்குகிற மாதத்தில் அது அவசியம். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, நனைத்து, கலவையைக் காடிக்குள் அழுத்தி, ஓட்டின் மேல் சரிவாக இறக்கி, கரண்டியின் முதுகால் தேய்த்து மெருகேற்றினோம். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காய்ந்துவிடாமல் தெளித்துக்கொண்டே இருந்தோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் கல்லாகும், அவசரப்படுத்த முடியாது.

கடைசியாக இறவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு. நாலங்குல பிவிசி பைப்பை நெடுக்காக இரண்டாக அறுத்து, இறவாரத்தின் ஓரம் முழுக்க ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டி, அதன் முனையைத் தொட்டியில் விட்டோம். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் தாழ்வாரத்துப் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர்; 10 மில்லிமீட்டர் பெய்தால் 150 லிட்டர். முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல், கூரை கழுவிப் போகட்டும் என்று வெளியே விட்டுவிடுவோம். தொட்டியில் சேரும் தண்ணீரில் பருப்பு வேகும் வேகமே தனி.

இனி, இதையெல்லாம் எதற்காகச் செய்தோம் என்பது.

கார்காலம் முடிந்து கூதிர்காலம் தொடங்கும் இந்த நாட்களில் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். முதலில் அழகர்மலையின் உச்சி மறையும், பிறகு மலையே காணாமல் போகும். மலை மறைந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடணும், அவ்வளவுதான் அவகாசம். ஐப்பசி பிறந்து முதல் கனமழை வந்த அன்று நாங்கள் எல்லாரும் சாக்பீஸ் குறிகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இல்லை. அப்பத்தா தன் கயிற்றுக் கட்டிலை இழுத்து நடுத்தூணுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி, அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டார்.

ஆடியில் போட்ட பீர்க்கும் அவரையும் பந்தலில் ஏறி நிற்கின்றன. பந்தல் கூரைக்கு ஒன்றரை கஜம் தள்ளித்தான் இருக்கிறது. கொடி ஓட்டில் ஏறினால் பார்க்க அழகு, ஆனால் ஓட்டுக்கு அடியில் ஈரத்தைக் கட்டி வைத்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் நீளும் கொழுந்தை அவ்வப்போது திருப்பி விடுவேன். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் மலரும். நாலரை மணிக்குக் குடை மாதிரி முறுக்கிக்கொண்டிருந்த மொட்டு, விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் ஐந்து இதழும் விரிந்து மஞ்சளாக நிற்கும். மழை விட்ட இருட்டில் அந்த மஞ்சள் மட்டும் தனியாகத் தெரியும். விட்டில்கள் வந்து சுற்றும். வேலியில் செங்காந்தளும் பூத்திருக்கிறது. மழைக்கு வெளிவரும் வெல்வெட் மாதிரியான சின்னப் பட்டுப்பூச்சிகள் மண்ணில் சிவப்பாக ஊர்கின்றன. பிள்ளைகள் அவற்றை உள்ளங்கையில் ஏற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூரையில் விழும் இலையைத் துடைத்தெடுக்கும் நான், மாமரத்தடி இலைச்சருகை மட்டும் கூட்டுவதில்லை. அது ஆறுமணிக்குருவிக்கு. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து இறங்கி வரும் பறவை. பச்சை முதுகு, கட்டை வால், வாலுக்கு அடியில் சிவப்பு. சருகைக் கிளறிப் புழு எடுக்கும். விடியலிலும் அந்தி சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் இருந்தாலும், நாம் உட்கார்ந்தே இருந்தால் அது தன் பாட்டுக்குத் தத்தித் தத்தி வரும். ஒழுகாத தாழ்வாரம் இருந்தால்தான் அப்படி உட்காரவும் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பால். ராத்திரி ஊறவைத்த பருத்திக்கொட்டையை அப்பத்தா ஆட்டுரலில்தான் ஆட்டுவார், மிக்ஸியில் அரைத்தால் கொட்டையின் தோல் பாலில் இறங்கிவிடும் என்பது அவர் கட்சி. குடித்துப் பார்த்தவரை நானும் அந்தக் கட்சிதான். பால் பிழிந்து, ஊறிய பச்சரிசியை அரைத்துக் கரைத்து விட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டி, கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலமும் சேர்த்து இறக்கணும். டவுனில் தள்ளுவண்டியில் கிடைப்பதும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்கும்போது, அடுப்பிலிருந்து நேராக டம்ளருக்கு வருவதை ஊதி ஊதிக் குடிப்பது வேறு. அந்தக் கட்டியான பாலின் மேல் ஒரு மெல்லிய ஆடை படியும். அதை விரலால் சுருட்டி எடுத்துச் சாப்பிட எங்கள் வீட்டில் எப்போதும் போட்டிதான்.

கார்த்திகைத் தீபத்துக்கு விளாச்சேரி அகல்களைத் தாழ்வாரத்து விளிம்பு நெடுக வைத்தோம். ஓட்டு இறவாரம் இறங்கி வந்து நிற்பதால் காற்று உள்ளே அடிக்கவில்லை. தூறலிலும் ஒன்றுகூட அணையாமல் எரிந்தது.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்பார்கள். தை பிறந்து கூரை நன்றாகக் காய்ந்ததும் இரண்டு வேலை பாக்கி: புது ரீப்பருக்கும் தூணின் அடிக்கும் இன்னொரு கை முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசவேண்டும், சுவரோரச் சுண்ணாம்பில் எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மிச்சமான ஓடுகளைப் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்திருக்கிறோம். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை பாரத்தில் கீறிவிடும். பக்கத்து வீட்டு மாமாவின் திண்ணை ஓடும் இதே அச்சுதான். "அடுத்த புரட்டாசிக்கு எங்க வீட்டுக்கும் வாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கும் மழை பெய்யும்போதே சாக்பீஸால் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.